கை போகிற இடம்

"அம்மா, நீ ஏன் ஒரு பக்கமா சாஞ்சு நடக்குற?" என்று மகள் கேட்டபோது அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, டிபன் பையோடு தங்கள் தெருவுக்குள் திரும்பியிருந்தாள். ரொட்டி வாங்கக் கடைக்கு வந்த மகள், கூப்பிடாமல் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்து பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள். சாய்ந்து நடப்பது அவளுக்கே தெரியாது. நின்று, காலிரண்டையும் சேர்த்து வைத்து, தோளை உயர்த்திப் பார்த்தாள். நிமிர்ந்த மாதிரிதான் இருந்தது. "இப்பவும் சாஞ்சுதான் நிக்கற. இந்தப் பக்கம் யாரோ கையப் புடிச்சுத் தொங்கற மாதிரி" என்றாள் மகள்.

யாரும் தொங்கவில்லை. தொங்குகிற பொருளைக் கழற்றி வைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உடம்பு அதை இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது.

ஊருக்கு வெளியே இருக்கும் கல்குவாரியில், பாறைக்கு வெடி வைக்கிற மருந்தைப் பூட்டி வைத்திருக்கும் கிடங்குக்கு அவள் காவல். குவாரியின் சத்தத்திலிருந்து தள்ளி, முட்புதர்களுக்கு நடுவே, கம்பி வேலிக்குள் ஒற்றையாக நிற்கும் கட்டடம் அது. பக்கத்தில் நெருப்பு கூடாது, வேண்டாத ஆள் வரக் கூடாது, காவலில் இருப்பவர் இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் இருக்கக் கூடாது. துப்பாக்கி என்றால் ஒரு பழைய ரிவால்வர். குவாரி தொடங்கிய காலத்தில் வாங்கியது. இரும்பைக் கொஞ்சமும் கஞ்சத்தனம் இல்லாமல் போட்டுச் செய்த சாமான். காவலறைப் பெட்டிக்குள் இருக்கும். வருகிறவர் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும், போகிறவர் கழற்றி வைத்துப் பூட்ட வேண்டும். அதனுடைய பெல்ட்டும் உறையும் அவளுக்கு முன்னால் இருந்த காவல்காரருக்காக வாங்கியவை. அவர் வாட்டசாட்டமான ஆள். வயிறு அவருக்கு ஒரு அடி முன்னால் நடக்கும் என்பார்கள். அந்த பெல்ட் அவளை ஒரு சுற்று சுற்றி, மிச்சம் இன்னும் பாதிச் சுற்றுக்கு இருந்தது. ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுத்தான் கட்டினாள்.

அவளுக்குக் குறி தப்பாது. இளம் வயதில் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனவள். அதற்கான அட்டையும் இருந்தது. பெண்கள் விடுதி வாசலில் விசிலும் தடியுமாக நின்றிருந்தவளுக்கு இந்த வேலை கிடைத்ததே அதனால்தான். பயிற்சியில் சுடச் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, சுடாத நேரத்தில் அதை எப்படிச் சுமப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையில் கட்டும்போது ஒன்றும் தெரியாது. மத்தியானத்துக்குள் பெல்ட் வலப்பக்கமாகச் சரிந்து, பேன்ட்டையும் கூட இழுத்துக்கொண்டு போகும். ஒரு கையால் தூக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்தால் பிடி விலாவில் குத்தும். நின்றால் உறையின் அடி தொடையில் இடிக்கும். கழிவறைக்குப் போவதென்றால் அது தனி வைபவம், மொத்தத்தையும் அவிழ்த்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். குவாரியில் எல்லாரும் அவளை ரிவால்வர் அக்கா என்றார்கள். அவள் அந்த ரிவால்வரைச் சுமப்பது, அடுத்த வீட்டுக் குழந்தையை வேண்டாவெறுப்பாக இடுப்பில் தூக்கி வைத்திருப்பது போலத்தான் இருந்தது.

இடுப்பெலும்பின் மேல் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருப்பதை அவள் கணவர்தான் பார்த்தார். அவள் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்லித் திரும்பிப் படுத்திருந்தாள்.

"இது என்ன?"

"பெல்ட்டு."

"பெல்ட்டா? யாரு அடிச்சா?"

"யாரும் அடிக்கல. சும்மாதான் தொங்குது. நாள் பூராத் தொங்குதில்ல."

அவர் தேய்த்தார். அந்த இடத்தைச் சுற்றிப் போனாரே தவிர, அதன் மேல் கை வைக்கவில்லை.

அவருக்குக் கார், வேன், பஸ்களுக்கு சீட் தைக்கிற வேலை. கடைத்தெருவில் அவரைச் சீட்டுக்காரர் என்றால்தான் தெரியும். புதிதாகக் கேட்பவர்கள் ஆள் ரம்மி ஆடுகிறவர் என்றோ, சீட்டுப் பிடித்து ஓடிப்போகிற ரகம் என்றோ நினைத்துக்கொள்வார்கள். மகள் பள்ளியில் இதற்காகவே ஒரு தடவை சண்டை போட்டிருக்கிறாள். மனைவி இந்த வேலைக்குப் போவதில் அவருக்கு இஷ்டம் இல்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. அந்த வீட்டில் துப்பாக்கி என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். "அது" என்பார். தைலம் தேய்த்த மறுநாள் காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "அது என்ன வெயிட்டு இருக்கும்?" என்றார்.

"யாருக்குத் தெரியும்?"

"நிறுத்துப் பாத்துட்டு வா. அப்படியே பேப்பர்ல வெச்சுச் சுத்திக் கோடு போட்டுக்கிட்டு வா."

குண்டுகளை எடுத்து மேல்பையில் போட்டுக்கொண்டு, ரிவால்வரைக் கேன்டீன் தராசில் வைத்து நிறுத்தாள். "கிலோ என்ன விலைன்னு போடட்டும்?" என்றாள் கேன்டீன்காரம்மா, உருளைக்கிழங்கைத் தட்டிலிருந்து ஒதுக்கியபடி. பிறகு குண்டுகளையும் தட்டில் போட்டதும் ஒன்றேகால் கிலோவைத் தாண்டியது. இதற்கா இவ்வளவு என்று அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒன்றேகால் கிலோவைக் காய்கறிப் பையில் போட்டால் கைக்குத் தெரியவே தெரியாது.

கணவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து டயர் கடையிலிருந்து, சக்கரத்தில் ஒட்டுகிற ஈயத் துண்டுகளை வாங்கிவந்து, மகளின் பழைய கம்பளிக் காலுறையில் போட்டுக் கட்டி, அதே எடைக்குக் கொண்டுவந்தார். அதைத் தன் பெல்ட்டில் வலப்பக்கம் கோத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். விளையாட்டு என்றுதான் அவள் நினைத்தாள். சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அது அங்கேயே தொங்கியது. அடுத்த நாளும் போட்டுக்கொண்டு போனார். அதோடேயே காருக்குள் நுழைந்தார், குனிந்து சீட்டைக் கழற்றினார், தையல் மெஷினில் உட்கார்ந்தார். டயர் கடைக்காரர், "என்னய்யா, குடல் இறங்கிடுச்சா?" என்று கேட்டாராம். அந்த வாரக் கடைசியில், சாப்பிட உட்காரும்போது அவர் முதலில் இடதுபக்கம் சாய்ந்து, ஒரு கையால் வலதைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து இறங்குவதை அவள் பார்த்தாள். தான் உட்காருவது அப்படித்தான் இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து வேறு ஏதோவும் வந்ததால் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள்.

"பிரச்சனை வெயிட்டு இல்ல" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே. "பெல்ட்டு தொளதொளன்னு இருக்கு. அது முறுக்கிக்குது. முறுக்கின பக்கம் எல்லாம் போய் ஒரே எலும்பு மேல உக்காருது. அப்புறம், ஆம்பள இடுப்புக்கு வெட்டினது. அது நேர்ப் பட்டை. உன் இடுப்பு நேரா இல்ல."

"அது இப்பத்தான் தெரியுதா?" என்றாள் அவள். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

தைத்து முடிக்க நாளாயிற்று. கனமான தோலில் பட்டையை நேராக வெட்டாமல் லேசாக வளைத்து வெட்டினார். நடுவில் பஸ் சீட்டுக்கு அடியில் போடுகிற நைலான் நாடாவை வைத்து இரண்டு அடுக்காக ஒட்டித் தைத்தார். உள்ளே ஒரு மெல்லிய பெல்ட், அதன் மேல் இது. இரண்டையும் சின்னச் சின்ன வார்கள் சேர்த்துப் பிடிக்கும். இடது தோளிலிருந்து குறுக்காக ஒரு வார், தோளில் படுகிற இடத்தில் நல்ல காருக்குப் போடுகிற ஸ்பாஞ்சு. டார்ச்சையும் மிச்சக் குண்டுகளையும் எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோனார், இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று. அவள் காகிதத்தில் வரைந்து கொண்டுவந்த கோட்டை வைத்து மரத்தில் ஒரு அச்சு இழைத்து, நனைத்த தோலை அதன் மேல் இறுக்கிக் காயவிட்டு உறை செய்தார். பழைய உறையில் இருந்த மூடி இதில் இல்லை. தோலே வாய் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், எதற்கு மூடி என்றார். பிடி விலாவில் குத்தாமல் கொஞ்சம் கீழே இறக்கி, வெளிப்பக்கம் சாய்த்து வைத்தார். அதற்காக அவளை நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு எங்கே வருகிறது என்று சாக்கட்டியால் குறித்துக்கொண்டார்.

"நீ தேடவே கூடாது. கை தானா போய் விழணும்" என்றார். ஒரு டிரைவருக்கு கியர் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வது மாதிரிதான் சொன்னார்.

முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு, ரிவால்வரை உறையில் இறக்கியபோது, இறக்கினோமா இல்லையா என்று குனிந்து பார்த்தாள். இருந்தது. வேலியைச் சுற்றி நடந்தாள். எதுவும் இடிக்கவில்லை, எதுவும் இழுக்கவில்லை. மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டாள். உட்கார்ந்ததே ஞாபகம் இல்லை. தண்ணீர் வேண்டிய மட்டும் குடித்தாள். கன்றின இடம் மஞ்சளாகி, பிறகு தோல் நிறத்துக்கு வந்தது. மகள் தெருவில் பின்னால் நடந்து பார்த்து, "இப்ப நேரா வர" என்று சொன்னாள். குவாரிக்காரர்கள்கூட அவளிடம் பேசும் விதம் மாறியதாகத் தோன்றியது. அவர்கள் மாறினார்களோ, அவள் நிற்கும் நிலைதான் மாறியதோ, தெரியவில்லை. நிமிர்ந்து நிற்கிறவளிடம் லாரி டிரைவர்கள் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை அவள் மறைக்கவில்லை.

வீட்டில் வேறொன்று நடந்தது. அடுப்படியில் நிற்கும்போது அவளுடைய வலது முழங்கை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் அகன்றே இருந்தது, நடுவில் ஏதோ இருக்கிற மாதிரி. யோசனையில் இருக்கும்போது உள்ளங்கை இடுப்புக்குக் கீழே போய் ஒன்றுமில்லாத இடத்தில் படிந்து நிற்கும். "அம்மா, வீட்ல யாரைம்மா சுடப் போற?" என்பாள் மகள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், தன் வேலை நன்றாக வந்ததற்கு அது ஒரு சாட்சி என்பது போல.

பாதுகாப்புக்குப் பொறுப்பான சூப்பர்வைசர் ஒருநாள் கிடங்குப் பக்கம் வந்தவர், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், உறையின் தையலைப் பார்த்தார், எங்கே வாங்கியது என்று கேட்டார். மற்ற ஷிப்டுகளில் நிற்கிறவர்களுக்கும், கம்பெனியின் வேறு குவாரிகளில் இருக்கிறவர்களுக்கும் இதே மாதிரி வேண்டும் என்றார். அவள் கணவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. கிழிந்த பஸ் சீட்டுக்கு ஒட்டுப் போடுகிறவரைத் தேடி ஒரு கம்பெனி வந்திருக்கிறது. அன்றைக்கே தோல் சொல்லி அனுப்பினார், பக்கிள் சொல்லி அனுப்பினார். கடை மேசையில் வளைவான பட்டைகள் வெட்டி அடுக்கப்பட்டன.

அந்தச் சமயத்தில்தான் டமாரம் வந்தார்.

டமாரம் என்பது குவாரியில் அவருக்கு வைத்த பேர். பாறையில் துளை போடுகிற மெஷினை ஓட்டினவர். ஓட்டி ஓட்டிக் காது போய்விட்டது. முகத்துக்கு நேராக நின்று கத்தினால் பாதி கேட்கும், மீதியை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஓரிரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். அவர் வேலையில் இருந்த நாளெல்லாம் பஸ் நிறுத்தத்திலிருந்து குவாரிக்குக் கிடங்கு ஓரமாக ஒரு குறுக்குப் பாதை இருந்தது. பின்னால் அதை அடைத்துப் பலகை வைத்துவிட்டார்கள். கால் பழகின பாதைக்குப் பலகை ஒரு பொருட்டில்லை.

வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். பாதை மேற்கிலிருந்து வருகிறது. வருகிற ஆளுக்குப் பின்னால் சூரியன். அவள் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். ஒரு ஆண், தோளில் பை, பலகையைச் சுற்றிக்கொண்டு வேலியைப் பார்த்து வருகிறார். முகம் தெரியவில்லை.

"யாரது? அங்கயே நில்லுங்க."

நிற்கவில்லை.

"உங்களத்தான் சொல்றேன். நில்லுங்க. இந்தப் பக்கம் வரக் கூடாது."

இன்னும் சில எட்டு வைத்து நின்றார். அவளைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு, அவள் கையைக் காட்டிக் கத்திக்கொண்டிருக்கும்போதே, நிதானமாகத் தோள்பைக்குள் கையை விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை அவள் பல தடவை யோசித்துப் பார்த்தாள். கை போனது ஞாபகம் இல்லை. எடுத்தது ஞாபகம் இல்லை. ரிவால்வர் முன்னால் நீண்டிருந்தது, இரண்டு கையும் அதைப் பிடித்திருந்தன, குறி அந்த ஆளின் மார்பு நடுவில் அசையாமல் நின்றது. விரல் விசை வளையத்துக்குள்ளே போயிருந்தது. வேண்டுமென்று செய்த எதுவும் அதில் இல்லை, கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகிற மாதிரி. ஞாபகத்தில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது கனக்கவே இல்லை. கையை நீட்டிப் பிடித்தால் தோள்பட்டை இழுக்கும் என்று பயிற்சியிலிருந்தே அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த நேரம் ஒரு காகிதத்தைப் பிடித்திருப்பது போல இருந்தது.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, விரல் நுனியால் எதையோ பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். டப்பா ஒரு கையில், அந்தச் சின்னப் பொருள் இன்னொரு கையில். கையை மேலே தூக்குவதா, ஓடுவதா, உட்காருவதா என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். ஆரம்பித்த வேலையை முடித்தார். மெதுவாக அந்தக் கையைக் காதுக்குக் கொண்டுபோய், அதைச் செருகி, விரலால் திருகினார். கீச்சென்று மெல்லிய விசில் சத்தம் அவள் நின்ற இடம் வரைக்கும் வந்து அடங்கியது.

"இப்பச் சொல்லுங்கம்மா" என்றார். "என்ன சொன்னீங்க?"

அவள் ரிவால்வரை உறைக்குக் கொண்டுபோனாள். பார்க்காமலேயே அது உள்ளே போய் உட்கார்ந்தது.

வேலிக்கு வெளியே இருந்த பாறை மேல் அவரை உட்காரவைத்து, காவலறையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு டம்ளரைப் பாறை மேல் வைத்தார். அவள் எதிரே நின்றாள்.

"முன்ன இங்க தொப்பையோட ஒருத்தர் இருப்பாரு" என்றார் அவர். காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரல். "அவரு அந்த மூடியத் தொறந்து, அத உருவி எடுக்கறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயி சாப்ட்டுட்டே வந்துடலாம்."

சிரிக்கப் பார்த்தார். வாய் சரியாக அமையவில்லை.

"அண்ணே, நான் கூப்பிட்டது கேக்கலையா?"

"கேக்கல. ஆனா நீங்க என்னமோ பேசறது தெரிஞ்சுது. இது மக வாங்கிக் குடுத்தது, புதுசு. எந்நேரமும் போட்டிருந்தா ஒரே இரைச்சல், தலை வலிக்குது. அதான் பையிலயே வெச்சிருப்பேன், யாராச்சும் பேசினா எடுத்து மாட்டிக்குவேன். நீங்க பேசறீங்களே, மாட்டிக்கிட்டுக் கேக்கலாம்னு..." என்று நிறுத்தினார். குவாரிப் பக்கம் கையைக் காட்டி, "மெஷின் ஓடறதக் கேக்கலாம்னு வந்தேன். ஓட்டின வரைக்கும் ஓட்டினேன், கடைசில எல்லாம் அதோட அதிர்வுதான் கையில தெரியும், சத்தம் தெரியாது. இத மாட்டினா கேக்குமான்னு பாக்கலாம்னு" என்றார்.

அன்றைக்குக் கேட்காமலேயே திரும்பிப் போனார். போகும்போது பாதையில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

ரிவால்வர் உறையை விட்டு வெளியே வந்தால் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். யாரும் பார்க்கவில்லை, அவர் சொல்லப் போவதில்லை. ஷிப்டு முடிந்ததும் அவள் சூப்பர்வைசர் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"பலகையைத் தாண்டி வந்துட்டான். நிக்கச் சொல்லி நிக்கல. பைக்குள்ள கை விட்டான். நீங்க செஞ்சது சரிதானேம்மா?"

"அவருக்குக் காது கேக்காது சார்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு நேரத்துல எடுத்தீங்க?"

"தெரியல சார். எடுத்ததே தெரியல."

"அதான் வேணும். நமக்கு அதான் வேணும்." அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. "பழைய உறையா இருந்தா என்ன ஆயிருக்கும், யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்துப் பார்த்தாள். "காதுல மெஷின மாட்டி முடிச்சிருப்பாரு சார்" என்றாள்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மற்ற பெல்ட்டுகள் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கணவரின் கடைக்குப் போனாள். மெஷினில் ஒரு வேனின் சீட் உறை ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். விரல் உள்ளே போயிருந்ததையும் சொன்னாள்; சூப்பர்வைசரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொல்லி முடிந்த பிறகு அவர், "எழுந்து நில்லு" என்றார்.

நின்றாள்.

"எப்படி எடுத்தேன்னு காட்டு."

பெல்ட் அவள் கைப்பைக்குள் சுருட்டி இருந்தது. இடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கை போயிற்று. எந்த இடத்தில் அவர் சாக்கட்டியால் கோடு போட்டாரோ, அந்த இடத்துக்கு நேராக, இம்மி பிசகாமல் போய், ஒன்றையும் பிடிக்காமல் பிடித்து, முன்னால் வந்தது. அவள் முன்னால் மெஷின் இருந்தது, மெஷினுக்குப் பின்னால் அவர் இருந்தார். சட்டென்று கையைக் கீழே போட்டாள்.

அவர் மெஷினில் இருந்த வேன் சீட் உறையை இழுத்து ஓரமாக வைத்தார்.

"ஒரு வார் வெக்கலாம்" என்றார் பிறகு. "மேல குறுக்க, ஒரு பட்டனோட. கட்டை விரலால தட்டி விட்டாத்தான் வெளிய வரும். ஒரு நிமிஷம் யோசிக்க வெக்கும்."

"பட்டனும் பழகிடும்ங்க."

அவருக்கு அது தெரிந்துதான் இருந்தது. தலையை ஆட்டினார். "அப்ப என்ன, குத்தற மாதிரி ஒண்ணு தெச்சுத் தரவா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. டயர் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். பழைய பெல்ட் இன்னும் காவலறை ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. நாளைக்கே அதை எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். அவளுக்கு மனம் வரவில்லை. இடுப்பில் வலி இல்லாமல் ஒரு நாளைக் கழிப்பது என்ன என்று தெரிந்துபோன பிறகு, தெரியாதது மாதிரி இருக்க உடம்பு ஒத்துக்கொள்ளாது. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவருக்கும் தான் தைத்ததைத் தன் கையால் பிரிக்க மனம் வரவில்லை என்பதை, அந்த உறையைப் பையிலிருந்து எடுத்துத் தையல் மேல் விரலை ஓட்டிய விதத்தில் பார்த்தாள்.

அன்றைக்கே வாரை வைத்துத் தைத்தார். பட்டனை இறுக்கமாக வைத்தார். பிறகு மேசையில் அடுக்கியிருந்த வளைவுப் பட்டைகளை ஒன்றாகச் சுருட்டி, நாடாவால் கட்டி, மேல் பலகையில் ஸ்பாஞ்சுக்குப் பின்னால் தள்ளினார்.

"சூப்பர்வைசர் கேட்டா?"

"பக்கிள் இன்னும் வரலன்னு சொல்லு."

"வந்துடுச்சே."

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்."

எத்தனை நாளைக்கு அப்படிச் சொல்ல முடியும் என்று அவள் கேட்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் நடந்தே போனார்கள். வழக்கமாக அவருக்கு வலப்பக்கம் நடப்பவள், அன்று சுற்றி வந்து இடப்பக்கம் நடந்தாள், வலது கை போகிற இடத்தில் அவர் இருக்கும்படி.

அடுத்தடுத்த நாட்களில் அவள் வலது கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தாள். சாவிக்கொத்தைப் பிடித்தாள், குடையைப் பிடித்தாள், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு குச்சியைப் பிடித்தாள். பட்டன் முதலில் விரலுக்கு அகப்படவில்லை. பிறகு அகப்பட ஆரம்பித்தது. அகப்படுகிறதா என்று பார்க்கிறாளா, பழகிக்கொள்கிறாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மெஷின் ஓடும் சத்தம் குவாரியிலிருந்து நாள் முழுக்க வந்தது. முன்னால் அதை அவள் கவனித்ததே இல்லை.

டமாரம் மறுபடி வந்தார். அதே பாதை, அதே சாய்ந்த வெயில். இந்தத் தடவை பலகைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். பை இல்லை. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் விரலால் காதைத் தொட்டுக் காட்டினார், மாட்டியிருக்கிறேன் என்று. அவள் குடையை இடது கைக்கு மாற்றாமல் பிடித்துக்கொண்டு, "வாங்கண்ணே" என்று கூப்பிட்டாள். கேட்டது. வந்தார். அன்றைக்கு உட்கார்ந்த அதே பாறையில், குவாரியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கீழே மெஷின் பாறையைக் குடைந்துகொண்டிருந்தது. கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார். நல்லதைக் கேட்கிற முகமா, வேண்டாததைக் கேட்கிற முகமா என்று பக்கவாட்டில் பார்த்தவளுக்குத் தெரியவில்லை. இடையில் ஒரு தடவை, மெஷினின் கைப்பிடியைப் பிடித்திருப்பது போல் அவருடைய இரண்டு கையும் முழங்காலுக்கு மேல் எழுந்தன. பிறகு இறங்கின.

அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தபோது வெடிக்கு முன்னால் ஊதுகிற சங்கு ஊதிற்று. மெஷின் நின்றது. வெளியே வந்து பார்த்தாள். அவர் காதிலிருந்து அதைக் கழற்றி டப்பாவில் வைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அசையாமல், இரண்டு கையையும் பாறையில் ஊன்றி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெடித்தது. காலுக்கடியில் தரை ஒருமுறை எழுந்து அமர்ந்தது. புதர்களிலிருந்து குருவிகள் கிளம்பின. பள்ளத்திலிருந்து வெள்ளைத் தூசி மெல்ல எழும்பி, வெயிலில் மஞ்சளாகி, அவரைத் தாண்டி வந்தது.

அவள் வேலிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். நேராகப் போனால் சில எட்டுத்தான். ஆனால் அவருக்குக் காலடி கேட்காது. தோளைத் தொட்டால் திடுக்கிடுவார். இடுப்பில் ஒன்றும் இல்லாதது போல லேசாக இருந்தது. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, புதர்களைச் சுற்றி, எவ்வளவு தூரம் சுற்ற முடியுமோ அவ்வளவு தூரம் சுற்றி, அவர் கண்ணுக்கு முன்னால் வந்து சேருகிற மாதிரி அந்தத் தூசிக்குள் நடந்தாள்.